பருப்புக்கு வைத்த மழைத்தண்ணீர்

எங்கள் வீட்டில் மழைத்தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது. அது பருப்புக்கு. விருத்தாசலத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பைக் காலையில் அடுப்பில் ஏற்றினால் மத்தியானம் வரை விதை விதையாக நிற்கும். தெருக்குழாயில் வருவதைக் குடிக்கலாம், ஆனால் அதுவும் வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டும். அதனால் என் மாமியார் ஐப்பசியில் முதல் மழையைக் கூரை ஓடுகளைக் கழுவ விட்டுவிட்டு, அப்புறம் பெய்வதைத் தகரம் வைத்துப் பிடித்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, பெரிய ஜாடிகளில் சேர்த்து வைப்பார். ஜாடிகள் எங்கள் பட்டறையில் செய்தவை. சூளையில் வாய் கோணிப்போய் விற்க முடியாமல் வீட்டுக்கு வந்தவை. கோணல் வாய்க்கு மூடி பொருந்தாது என்று ஒவ்வொன்றுக்கும் துணி கட்டி, தட்டு போட்டு, தட்டின் மேல் ஒரு செங்கல் வைத்திருப்பார். அந்தச் செங்கல்லை நகர்த்தும் அதிகாரம் அவருக்கு மட்டும்தான்.

அந்தத் தண்ணீரைத்தான் நான் காருக்குக் கேட்டேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்குச் சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை. ஊறுகாய் ஜாடி, ஃபியூஸ் கட்டை, திருவிழாக் கடைகளுக்குப் பொம்மை. அச்சு வார்க்கிற கொட்டகை என் பொறுப்பு. களிமண் கூழைக் கலக்கி, பதம் பார்த்து, அச்சுகளில் ஊற்றிப் பிரித்தெடுக்கிற வரைக்கும் நான்தான் நின்று பார்ப்பேன். சூளை அவருடையது. மாமனார் காலமானபோது விட்டுப்போன கறுப்பு கார் ஒன்று இருந்தது. ஊரில் அதை பிளசர் என்பார்கள். சாவி போட்டாலும் திறக்கும், போடாவிட்டாலும் திறக்கும், அவ்வளவு வயசான வண்டி. கோடையில் மணிமுத்தாற்றங்கரைப் பொட்டலில் என் கணவர் எனக்கு அதை ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். சீக்கிரமே நான் அவரைவிட நன்றாக ஓட்டினேன். அவரே இதை ஒப்புக்கொள்வார், பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது.

மாமியார் மட்டும் நான் ஓட்டினால் ஏறமாட்டார். வேண்டாம் என்று நேராகவும் சொல்லமாட்டார். "இன்னிக்கு முழங்காலு வலிக்குதும்மா, நீ போயிட்டு வா" என்பார். மகன் ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்த முழங்கால் குணமாகிவிடும். இன்னொரு குறையும் அவருக்கு என் மேல் உண்டு. எனக்குக் கோபம் ஜாஸ்தி. தப்பை யார் செய்தாலும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன். "இந்தக் கோவம் எங்க வமுசத்துக்கே ஆகாதுடியம்மா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருஷம் பங்குனியில் என் நாத்தனாரைப் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. கம்மாபுரத்தில் கொடுத்த பெண். முதல் பிரசவத்துக்கு அவளை மாட்டு வண்டியில்தான் கூட்டி வந்தார்கள். கார் அப்போது வேறெங்கோ போயிருந்ததாம். மழை பெய்து குண்டும் குழியுமாகக் கிடந்த ரோடு. வந்த அன்றைக்கே வலி கண்டது. மாதம் நிறையாத பிள்ளை, தங்கவில்லை. வண்டி குலுங்கியதுதான் காரணமா என்று டாக்டரம்மாவாலும் சொல்ல முடியவில்லை. மாமியாருக்கு அதில் சந்தேகமே இல்லை. "நாந்தான் அந்தக் கட்ட வண்டியில ஏத்திக்கிட்டு வந்தேன்" என்று அரிசி களையும்போதும் சொல்வார், விளக்கேற்றும்போதும் சொல்வார். இந்தத் தடவை பெண் பிளசரில்தான் வர வேண்டும், ஒரு குலுக்கல் இல்லாமல் வர வேண்டும். அவருக்கு வேறு வேண்டுதலே கிடையாது. சம்பந்தி வீட்டில் வியாழக்கிழமை நல்ல நாள் என்று சொல்லியனுப்பினார்கள்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் என் கணவர் தன் மூளையைக் காட்டியிருந்தார்.

கார் நின்ற இடத்தில் காலையில் பார்த்தால் ஈரத் திட்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கூலன்ட் என்ற பேரையெல்லாம் நாங்கள் அப்போது கேட்டதில்லை. இஞ்சினைக் குளிர்விக்க ஊற்றுவது பச்சைத் தண்ணீர்தான். ஒழுகினால் லாரி டிரைவர்கள் ஒரு கை மஞ்சள்தூளைப் போடுவார்கள். தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும், ஊர் போய்ச் சேரலாம். மஞ்சள் டப்பாவைக் கேட்டு அடுக்களைக்கு வந்தவர் பாதியில் நின்றார்.

"மஞ்சளே அடைக்குதுன்னா, நம்ம மண்ணு அடைக்காதா?"

வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. பீங்கான் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊர் ஆட்களுக்குச் சுவரில் விரிசலா, எறும்புப் புற்றா, பாத்திரத்தில் பிசுக்கா, எல்லாவற்றுக்கும் வெள்ளைக் களிமண்தான் மருந்து. ஜாடிக்காகச் சலித்து வைத்திருந்த தூளைக் கொண்டுவந்து கை கையாக ரேடியேட்டரில் போட்டார். மறுநாள் தரையில் ஈரம் இல்லை. மீசையை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தார்.

அப்புறம் ஒருநாள் பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போனபோது, பானட்டிலிருந்து ஆவி கிளம்பி வண்டி நின்றது. அந்த டிராக்டரே கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டது. தெருவே கூடிப் பார்த்தது.

"கசிவு நின்னுச்சா இல்லியா, அத சொல்லு மொதல்ல" என்றார் என் கணவர்.

"கசிவும் நின்னுச்சுங்க. வண்டியும் நின்னுச்சு" என்றேன்.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, ரேடியேட்டரைக் கழற்றிக் கடலூருக்கு அனுப்பினால்தான் ஆகும், வியாழக்கிழமைக்கு நிச்சயமாகக் கிடைக்காது என்று கையை விரித்தார். அன்று சாயந்திரமே சூளைக்குத் தீ வைத்தாகிவிட்டது. தீ வைத்த சூளையை விட்டு என் கணவர் சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டார். டாக்சி கேட்கலாம் என்றால் அந்த வாரம் முழுக்கக் கல்யாண நாட்கள். எல்லா வண்டியும் போயிருந்தது.

அடுக்களை நிலைப்படியில் உட்கார்ந்திருந்த மாமியார், "கட்ட வண்டிக்கே சொல்லிடட்டுமா?" என்று கேட்டார். யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. என் கணவர் எதிரில் இருந்திருந்தால் அவரையும் சூளையில் அடுக்கியிருப்பேன்.

"கட்ட வண்டியெல்லாம் வேணாம். உள்ள போனது என்ன, கல்லா? மண்ணுதானே அத்த. மண்ண எப்படி ஓட வைக்கிறதுன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

வீறாப்புக்காகச் சொல்லவில்லை. தினமும் நான் செய்கிற வேலையே அதுதான். அச்சில் ஊற்றுகிற களிமண் கூழ் கெட்டியாகக் கிடந்தால் துணி வெளுக்கிற சோடாவைக் கொஞ்சம் கரைத்து விடுவோம். தண்ணீர் கூடுதலாக ஊற்றாமலே கூழ் இளகி மோராக ஓடும். அளவு மீறினால் மறுபடி இறுகிக்கொள்ளும். அந்த அளவு என் கையில் இருந்தது.

மறுநாள் காலை, இஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ஆரம்பித்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கோணிச்சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். ரேடியேட்டரின் அடியில் ஒரு சின்னத் திருகு குழாய் உண்டு. திறந்தால் சொட்டுக்கூட வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். பிதுங்கிப் பிதுங்கி வெள்ளையாக இறங்கியது. எங்கள் பட்டறை மண்தான், தொட்டதுமே தெரிந்தது. மாமியார் கொஞ்சம் தள்ளி நின்று, "என்ன இது, இட்லி மாவா வருது?" என்றார்.

"உங்க புள்ள ஆட்டின மாவு" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளே போகவும் இல்லை.

வெந்நீரில் சோடாவைக் கரைத்து மேல் வாய் வழியாக ஊற்றினேன். இஞ்சினைப் போட்டு ஓட விட்டேன். ரேடியேட்டருக்கு மேலே போகிற ரப்பர் குழாயில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளே தண்ணீர் சுற்றினால் அந்தக் குழாய் சுட வேண்டும். முதலில் அது சில்லென்று கிடந்தது, இஞ்சின் மட்டும் சூடேறியது. நிறுத்தினேன், ஆற விட்டேன், மறுபடி போட்டேன். மூன்றாம் தடவையோ நாலாம் தடவையோ குழாய் வெதுவெதுப்பானது. அப்புறம் கையை வெடுக்கென்று எடுக்கும்படி சுட்டது.

"சுத்துது அத்த! தண்ணி சுத்துது!" என்று கத்திவிட்டேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

சூட்டோடு மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். ஆறும்வரைக்கும் காத்திருந்து, அடிக் குழாயைத் திறந்துவிட்டேன். மோர் போலக் கொட்டியது. மறுபடி சோடா, மறுபடி ஓட்டம், மறுபடி மோர். பிறகு கிணற்று மோட்டாரின் ரப்பர் குழாயை இழுத்துவந்து, ரேடியேட்டரின் கீழ் வாயில் சொருகி, தண்ணீரைத் தலைகீழாக மேல் நோக்கி விட்டேன். மேலிருந்து வந்தபோது இறங்க அடம்பிடித்த கட்டிகள் கீழிருந்து தள்ளியதும் மேல் வாய் வழியாக வந்து விழுந்தன. இஞ்சினுக்குள்ளேயும் அதேபோலத் தலைகீழாக விட்டேன். வாசலெல்லாம் வெள்ளையாக ஓடி, போட்டிருந்த கோலம் எது, களிமண் எது என்று தெரியாமல் போனது. கடைசியில் கண்ணாடியாகத் தண்ணீர் வந்தது. மாமியார் ஒரு வெள்ளைச் சொம்பை நீட்டிப் பிடித்து வாங்கி, வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்போ சுத்தம்" என்றார்.

அடைப்பு போனால் ஒழுகல் திரும்ப வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது. மறுபடி அடியில் போய்ப் படுத்து, எல்லா இடத்தையும் துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவிக்கொண்டே போனேன். ரேடியேட்டரில் எங்கேயும் ஈரம் இல்லை. கீழே போகிற ரப்பர் குழாயின் நுனியில், கிளிப்பு கவ்வுகிற இடத்தில், ரப்பர் வெடித்திருந்தது. அவ்வளவுதான். ஓட்டை ரேடியேட்டரிலேயே இல்லை! அதற்குத்தான் இத்தனை களிமண். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டே சிரித்தேன். சிரிப்பு நிற்காமல் வந்தது, மாமியார் பயந்துபோய்க் குனிந்து பார்த்தார்.

குழாயைக் கழற்றி, வெடித்த நுனியை மட்டும் நறுக்கிவிட்டு மறுபடி மாட்டினால் போதும், நீளம் இருந்தது. கத்தியைத் தேடினேன். "தள்ளு, நீ வெரல வெட்டிக்குவ" என்று மாமியார் அருவாமணையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாழைத்தண்டு நறுக்குகிற லாகவத்தோடு குழாயின் நுனியை நறுக்கிக் கொடுத்தார். புதுக் கிளிப்பு போட்டு இறுக்கினேன்.

இனித் தண்ணீர் நிரப்ப வேண்டும். நான் ஜாடிகளைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"அது பருப்புக்கு" என்றார்.

"தெரியும் அத்த. பருப்பு வேகாத தண்ணி இஞ்சினுக்கும் ஆகாது. அண்டாவுல பொருக்குக் கட்டுற மாதிரி உள்ளயும் கட்டும். கழுவினதெல்லாம் வீணாப்பூடும்."

"அடுத்த மழை வர்ற வரைக்கும் என்ன பண்றது?"

"பச்சைப்பயறு சாப்பிடலாம்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய்ச் செங்கல்லைத் தூக்கிக் கீழே வைத்தார். தட்டை எடுத்தார். துணியை அவிழ்த்தார். குடத்தில் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். நான் வாங்கப் போனேன், தரவில்லை.

"மெதுவா ஊத்துங்க. உள்ள இருக்கிற காத்து வெளிய வரணும். கொஞ்சம் ஊத்திட்டு நிறுத்தணும்."

"சங்குல பால் குடுக்கிற மாதிரிதானே. எனக்குத் தெரியும்" என்றார். ஊற்றும்போது உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டேன். உள்ளிருந்து குமிழி வந்தது. வழிய வழிய நிறைத்துவிட்டு இஞ்சினைப் போட்டேன். மட்டம் இறங்கியது. மறுபடி ஊற்றினார். அப்புறம் இறங்கவில்லை.

சூளைக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியபோது, ஓட்டை எங்கே இருந்தது என்ற செய்தியையும் கூடவே அனுப்பினேன். பதிலாக ஒரு சின்ன ஜாடி வந்தது. வாய் கோணாத ஜாடி, மூடி பொருந்தி உட்கார்ந்தது. வழிக்குத் தண்ணீர் வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அதோடு இன்னொரு சேதியும். "என் மண்ணுல எந்தக் குத்தமும் இல்லன்னு சொல்லு. போட்டவன் பேர்லதான் குத்தம்." அதற்கப்புறம் அவர் மேல் கோபமாக இருப்பது கஷ்டமாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் காரை வாசலில் நிறுத்திவிட்டு முழங்கால் வலிக்காகக் காத்திருந்தேன். மாமியார் பட்டுப்புடவையில், பூ பழத் தட்டோடும் அந்தச் சின்ன ஜாடியோடும் வந்தார். ஜாடி நிறைய மழைத்தண்ணீர். "வழியில வண்டி கேட்டா குடுக்கணும்ல" என்றபடி முன் சீட்டில் ஏறினார். எனக்குப் பக்கத்தில், முதல் தடவையாக. நான் கியரைப் போட்டேன்.

கம்மாபுரம் போய்ச் சேர்ந்தோம். சூடு காட்டுகிற முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. சம்பந்தி வீட்டில் சாப்பாடு, உபசாரம், மஞ்சள் குங்குமம் எல்லாம் முடிந்து பெண்ணைக் கிளப்பும்போது, சம்பந்தி வாசலுக்கு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "டிரைவரு எங்கீங்க?" என்றார். நான்தான் என்று தெரிந்ததும் முகம் மாறியது. "தப்பா நெனச்சுக்காதீங்க. ஒருக்கா பட்டுட்டோம். மாப்பிள்ள வரட்டுமே, ரெண்டு நாளு கழிச்சு அனுப்புறோம்." மாப்பிள்ளை என்று அவர் சொன்னது என் கணவரை. நியாயமான பயம்தான், ஆனாலும் எனக்குக் காது சூடேறிவிட்டது. வாயைத் திறந்தேன்.

மாமியார் என் கையைப் பிடித்து அமுக்கினார்.

"எம்மவன் ஓட்டுவான். இவ வண்டிய புரிஞ்சுக்கிட்டு ஓட்டுவா. அவன் கெடுத்த வண்டி இது, இவ படுத்துக் கெடந்து சரி பண்ணினது, நான் கூட நின்னு பாத்தேன். ஒருக்கா பட்டவ நாந்தாங்க. நானே இவள நம்பி ஏறி வந்திருக்கேன். எம்பொண்ண அனுப்புங்க" என்றார்.

அனுப்பினார்கள்.

திரும்பும்போது நல்ல வெயில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டியை நிற்க வைத்து, இறக்கி, ஏற்றினேன். சைக்கிள்காரர்கள் எங்களை முந்திப் போனார்கள். நடுவழியில் பின் சீட்டிலிருந்து நாத்தனார், "அண்ணி, தாகமா இருக்குது" என்றாள். குடிக்கக் கொண்டுவந்த கூஜா சம்பந்தி வீட்டிலேயே தங்கிவிட்டது. புளியமரத்து நிழலில் நிறுத்தினேன். மாமியார் மடியிலிருந்த ஜாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வண்டி கேக்குதா?"

"கேக்கல அத்த. முள்ளு பாருங்க, அங்கயே நிக்குது."

மூடியைத் திறந்து பெண்ணிடம் நீட்டினார். அவள் முகர்ந்துவிட்டு, "பருப்புத் தண்ணியாச்சேம்மா, அடிப்பியே" என்றாள். "குடிடி" என்றார் மாமியார். அவள் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு மடமடவென்று குடித்தாள். மாமியார் ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் பார்வை கலங்கிவிட்டது. கொஞ்ச நேரம் நிழலிலேயே இருந்துவிட்டுக் கிளம்பினேன்.

மாதம் நிறைந்து பிறந்தது. பெண் குழந்தை. எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை முதலில் ஒருவர் தொட்டு வைப்பார்கள். சேனை வைப்பது என்று பேர். வைத்தவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அதனால் வீட்டிலேயே சாதுவான ஆளாகப் பார்த்து வைக்கச் சொல்வது வழக்கம். உறவுப் பெண்கள் யார் யார் பேரையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாமியார் போய்ச் செங்கல்லை நகர்த்தி, ஜாடியின் அடியில் மிச்சமிருந்த மழைத்தண்ணீரை மொண்டு, சர்க்கரை கரைத்து, கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

"நானா?" என்றேன். "அத்த, என் கோவமும் சேந்து வருமே."

"வரட்டும்" என்றார்.